புதுமைக்கு மாத இலக்கு

புதுமை செய்கிற உத்தியோகத்தில் முதல் கஷ்டம், காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான். திட்டப் பிரிவில் இந்தக் கஷ்டம் கிடையாது. வருஷ ஆரம்பத்தில் மேலிடத்திலிருந்து ஒரு எண் வரும்: இத்தனை சோப்பு. அதை மாதங்களுக்குப் பங்கு போட்டு, மாதத்தைப் பிரிவுகளுக்குப் பங்கு போட்டு அனுப்பிவிட்டு நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். அந்தச் சோப்பு யாருக்கு வேண்டும், யார் கேட்டார்கள் என்று அந்த எண் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் மணி. யாங்கோனில் தாகேதா பக்கம் இருக்கும் ஓர் அரசாங்க சோப்பு ஆலையில் டோ மணி. ‘டோ’ என்பது பர்மியர்கள் வயதான பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. எனக்கும் தலை நரைத்தபோது வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்களுக்கு அதுவே பெரியவரானால் ‘ஊ’, இளைஞரானால் ‘கோ’. ஆலையில் நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் பர்மிய மொழியில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நாற்காலி அப்படியே இருக்க, தலைக்கு மேல் பெயர்ப்பலகை மட்டும் மாறிப்போன உத்தியோகஸ்தர்கள் எல்லா ஊரிலும் இருப்பீர்கள். படித்துவிட்டு, நான் ஒருத்தி மட்டும் குழம்பவில்லை என்று நாலு பேர் சொன்னால் எனக்கு அதுவே போதும்.

பலகை மாறிய நாள்

வெள்ளிக்கிழமை திட்டப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை புதுமைப் பிரிவுக்கு வந்தேன். அதே மேஜை, அதே இரும்பு பீரோ, கரண்ட் இருந்தால் சுற்றுகிற அதே மின்விசிறி. பெயின்ட் வாசனை மட்டும் புதிது.

ஆலை மேலாளர் ஊ டுன் எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார். நல்ல மனிதர். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே தலை வெளுத்தவர். ஒரு தாளைப் பார்த்து மூச்சுவிடாமல் படித்தார். நாடு திட்டப் பொருளாதாரத்தை விட்டு அறிவுப் பொருளாதாரத்துக்குப் போகிறது. இனி மேலிடம் நமக்குச் சோறு போடாது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் ஒரு குழு வரும். நாமாகவே யோசித்துச் செய்த புதுப் பொருள் ஒன்றையாவது காட்ட வேண்டும். காட்டினால் ஆலை நடக்கும். இல்லாவிட்டால் இயந்திரங்களைக் கழற்றிவிட்டு, கட்டடத்தைச் சரக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டுவிடுவார்கள். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? கூட்டம் கலைந்ததும் ஊ டுன் பின்னாலேயே ஓடி, புதுமைப் பிரிவில் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் தாளின் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

“அதைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்க முதல் வேலைன்னு நினைக்கிறேன், டோ மணி. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.”

மாதம் நாலு

தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி செய்வதுதானே உத்தியோகம். பிரிவுக்கு மாதம் நாலு புது யோசனை என்று இலக்கு எழுதி அனுப்பிவிட்டேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. ஊ டுன் அதைப் பார்த்து, இப்போதுதான் ஆலை ஆலை மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

மாதக் கடைசியில் எல்லாப் பிரிவிலிருந்தும் டாணென்று நாலு நாலு வந்தன. நாட்காட்டியை எதிர்ச் சுவரில் மாட்டலாம். கதவுக்குப் பச்சை அடிக்கலாம். காய்ச்சும் பிரிவுத் தலைவி டோ சான் மட்டும், செருப்பை வாசலில் விடும்போது மூக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று ஒன்று எழுதியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நேரே காய்ச்சும் கொட்டகைக்குப் போய், இத்தனை வருஷம் சோப்புக் கொப்பரையோடு இருக்கிறீர்களே, உருப்படியாக ஐந்தாவது ஒன்று தோன்றவில்லையா என்று கேட்டேன். டோ சான் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கோபமே பட மாட்டார்; அதுதான் அவரிடம் எனக்குப் பயம். கொப்பரையைத் துழாவிக்கொண்டே சொன்னார்:

“நாலுதானே கேட்டீங்க, மணி. அஞ்சு குடுத்தா அடுத்த மாசம் அஞ்சு கேப்பீங்க.”

தோற்பதற்கு உத்தரவு

எங்களுக்குப் புத்தி சொல்ல மேலிடம் ஓர் ஆலோசகரை அனுப்பியது. பெயர் கோ தியா. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளை. லுங்கிக்கு மேலே கோட்டு. வந்த முதல் நாளே, “தைரியமா தோத்துப் போங்க, தோக்காம புதுமை வராது” என்றார். எங்கள் ஆலையில் தோற்பது என்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், சம்பள உயர்வு நிற்கும். ஊ டுன் மெல்ல எழுந்து, இதற்கு உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். உத்தரவெல்லாம் வேண்டாம் என்றார் கோ தியா. அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஊ டுன் மேலிடத்துக்கு எழுதினார்: எங்கள் ஆலை தோற்கலாமா? பதில் வந்தது: தோற்கலாம், ஆனால் எந்தெந்தப் பிரிவு எதில் தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதைக் கேட்டுக் கோ தியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போலத் தோல்விகளையும் பிரிவுகளுக்குப் பங்கு போட்டு அனுப்பினேன். பொட்டலம் கட்டும் பிரிவில் செல்வம் இருக்கிறான். நம்ம தமிழ்ப் பிள்ளை, எங்கள் தெருதான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மாதக் கடைசியில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

“அக்கா, எங்க பிரிவுல இந்த மாசம் ஒரு தோல்விகூட இல்ல. ஏதாச்சும் சொல்லுவாங்களா?”

வட்டம்

மேஜை வேண்டாம், எல்லோரும் வட்டமாக உட்காருங்கள், பெரியவர் சின்னவர் இல்லை என்றார் கோ தியா. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். யாரும் உட்காரவில்லை. ஊ டுன் எங்கே உட்காருவார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அவரோ, எல்லோரும் உட்காரட்டும் என்று நின்றார். ஒருவழியாக அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும், அவர் பக்கத்தில் கணக்காளர், அதற்குப் பக்கத்தில் பிரிவுத் தலைவர்கள் என்று வரிசை அதுவாக அமைந்துவிட்டது. கோ தியா அவரை எழுப்பி எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். ஆலையே எழுந்து எதிர்ப்பக்கம் போனது. சாப்பாட்டு நேரம்வரை இப்படியே சுற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் டோ சான்தான் அந்தப் பிள்ளைமேல் இரக்கப்பட்டு, வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல ‘சயா’ என்று கூப்பிட்டு ஒரு வழி சொன்னார்.

“இந்த வட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்லிடுங்க, சயா. நாங்க ஒழுங்கா உட்காந்துக்கிறோம்.”

வாடிக்கையாளரைப் போய்ப் பாருங்கள்

திஞ்சான் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. சோப்புப் போடுகிறவர்களைக் கேளுங்கள் என்று கோ தியா என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். இத்தனை வருஷத்தில் எங்கள் சோப்பைக் காசு கொடுத்து வாங்குகிற மனுஷரை நான் நேரில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பிறந்து வளர்ந்தது மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். அந்தச் சந்தையில் என்றால் வாயாவது திறந்து பேசலாம் என்று அங்கே போனேன். பையில் மூன்று மாதிரி: எலுமிச்சம்புல் வாசனை ஒன்று, முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா மரப்பட்டை வாசனை ஒன்று, வெறும் சிவப்பாக ஒன்று.

ஒரு பெண் மீன் கூடையோடு நின்றிருந்தாள். பாதி தமிழ், பாதி பர்மா. அப்பா நம்மாள் போலிருக்கிறது. மூன்றையும் நீட்டி, எது பிடித்திருக்கிறது அம்மா என்றேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில்தான் வீடாம். கோடை வந்தால் குழாய்க் கிணறு உப்பாகிவிடுமாம். எந்தச் சோப்பைத் தேய்த்தாலும் நுரை வராமல் திரிதிரியாகக் கையில் ஒட்டுமாம். தண்ணீர் நம் இலாகா இல்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாசனையைப் பற்றி மறுபடி கேட்டேன். அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“மொதல்ல தண்ணிய மாத்திக் குடுங்க, வாசனைய அப்பறம் பாக்கலாம்.”

எங்கள் வீட்டுக் குளியலறை

ராத்திரிச் சாப்பாட்டில் இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். எழுந்து போய்க் கை கழுவினேன். குழம்புக் கை; நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். நாங்களும் தாகேதாதான். எங்கள் கிணறும் அதே உப்புக் கிணறுதான். பிறகு எப்படி நுரைக்கிறது? கையிலிருந்த சோப்பைப் பார்த்தேன். எழுத்து இல்லை, கோணல்மாணலாக வெட்டிய வெள்ளைக் கட்டி. ஆலையில் கழித்துக்கட்டிய துண்டு என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நாளாக அதைத்தான் தேய்த்து வந்திருக்கிறேன். இது எங்கேயிருந்து வருகிறது என்று இவரைக் கேட்டேன்.

“நம்ம செல்வந்தான் மாசாமாசம் குடுத்துட்டுப் போறான். உங்க ஆலை சோப்பு, உனக்குத் தெரியாதா?”

கரண்ட் போன நேரம்

காலையில் கட்டியைக் கொண்டுபோய் செல்வத்தின் முன்னால் வைத்தேன். முகம் வெளிறிப்போய், டோ சானைக் கேளுங்க அக்கா என்றான். டோ சான் கட்டியைப் பார்த்தார், கொட்டகைக் கதவைச் சாத்தினார். விஷயம் இதுதான். எப்போதோ வாசனைச் சோப்புக்கென்று வந்த தேங்காயெண்ணெய் கொஞ்சம், அந்தத் திட்டம் நின்றுபோனதால் மிஞ்சிக் கிடந்தது. வீணாகிறதே என்று காய்ச்சிப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உப்புத் தண்ணீரில் நுரைத்தது. ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எண்ணெய் தீர்ந்ததும் எல்லோரும் கைக்காசு போட்டு வாங்கினார்கள். காய்ச்சுவது கரண்ட் போன நேரத்தில், கொட்டகைக்குப் பின்னால் விறகடுப்பில். கரண்ட் இல்லாத நேரம் எந்தத் திட்டத்திலும் இல்லையே. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஆலை முழுக்க இதைத்தான் தேய்த்துக் குளிக்கிறது. தெரியாதது ஊ டுன்னுக்கும் எனக்கும் மட்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்குக் குழறியது. ஆலையை இழுத்து மூடப்போகிறார்கள், நான் சந்தை சந்தையாக அலைகிறேன், இதை மறைத்து வைத்துக்கொண்டு செருப்பு மூக்கைப் பற்றி எழுதிக் கொடுத்தீர்களே என்று கத்தினேன். டோ சான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் கூடுதலாகச் செய்தால் மறு வருஷம் அந்தக் கூடுதல்தான் இலக்கு, இது உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார். மறு வருஷமே இல்லை டோ சான், காட்டாவிட்டால் கிடங்குதான், நாம் எல்லோரும் தெருவில்தான் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானை மாதிரி தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

“புரியுது மணி. ஆனா வேலை போனாலும் போகட்டும், இலக்கு ஏறக்கூடாதுன்னே எங்களுக்குப் பழகிப்போச்சு.”

புதுசா, பழசா

ஒருவழியாகச் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: இதைச் செய்ய உயிர் போய் உயிர் வருகிறது என்று குழுவிடம் சொல்ல வேண்டும். ஒத்திகை நடந்தது. டோ சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், செல்வம் இருமினான். இருமல் அதிகம், சோப்பில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள் என்று நான் குறைக்கச் சொன்னேன்.

கோ தியாவுக்குக் கட்டியைக் காட்டியபோது அந்தப் பிள்ளை சந்தோஷத்தில் துள்ளியது. தேங்காயெண்ணெய் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், கப்பலில் போகிறவர்கள் ரொம்பக் காலமாக இப்படித்தான் குளிக்கிறார்கள் என்று விளக்கினார். எனக்குப் பழையபடி குழப்பம். உலகத்துக்கே தெரிந்தது என்றால் இது எப்படிப் புதுமை? எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன்.

“உலகத்துக்குப் பழசு, தாகேதாவுக்குப் புதுசு, ஆன்ட்டி. இதுக்கு மேல யோசிச்சா எனக்கும் குழம்பிடும்.”

விருந்தாளித் தண்ணீர்

குழு வந்தது. தலைவர் தங்கச் சட்டக் கண்ணாடி போட்ட பெரியவர், கூட நாலைந்து பேர். முற்றத்தில் மேஜை, வெள்ளைத் துணி, இரண்டு பேசின், துவாலை. ஒரு பேசினில் எங்கள் வழக்கமான சோப்பு, இன்னொன்றில் டோ சான் கட்டி. தலைவர் முதல் பேசினில் கையைத் தேய்த்தார். நுரை பொங்கியது. இரண்டாவதில் தேய்த்தார். அதிலும் நுரை பொங்கியது. “ரெண்டும் நல்லா இருக்கு. எது புதுசு?” என்றார். கூட வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். டோ சான் தரையைப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் பழைய சோப்பு எப்படி நுரைக்கும்? பேசினில் ஊற்றிய தண்ணீர்க் குடத்தில் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தேன். தேவாமிர்தம். கடையில் வாங்கிய குடிதண்ணீர்.

எங்கள் ஊரில் ஆனாடே என்று ஒன்று உண்டு. அடுத்தவரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்று நாம் படுகிற சங்கடம். அதற்குப் பயந்துகொண்டு, பசித்தாலும் பசிக்கவில்லை என்போம். காலை மிதித்தாலும் பரவாயில்லை என்போம். நான் ஊ டுன்னைப் பார்த்தேன். அவர் என் காதோரம் குனிந்தார்.

“இவ்வளவு பெரிய மனுஷனுக்கு எப்படிங்க உப்புத் தண்ணி வைக்கிறது? எனக்கு ஆனாடேயா இருந்துச்சு.”

ஒரு வாளி

கிணற்றடிக்குப் போய் நானே அடித்து ஒரு வாளி கொண்டுவந்தேன். பாதித் தண்ணீர் என் லுங்கியில். மேலே இருக்கிறவர் சொல்லி நான் செய்திருக்கிறேனே தவிர, நான் சொல்லி மேலே இருக்கிறவர் ஒருநாளும் எதுவும் செய்ததில்லை. பேசினைக் கவிழ்த்துவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன். “ஐயா, இது எங்க ஊர்த் தண்ணி. இதுல ஒருதரம் கழுவிப் பாருங்க” என்றேன். ஊ டுன் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை விட்டார். பழைய சோப்பு திரிந்த பால் மாதிரி விரலில் ஒட்டியது. அதை வழித்துவிட்டு வெள்ளைக் கட்டியை எடுத்தார். முழங்கைவரை நுரை. மறுபடி தேய்த்தார். பிறகு முகத்தையும் கழுவிக்கொண்டார். “எங்க வீட்டுக் கிணறும் இப்படித்தான்” என்று துவாலையை எடுத்தார். “ஆலை நடக்கட்டும்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வம் இருமுவதற்கு மறந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: அடுத்த வருஷம் எவ்வளவு செய்வீர்கள்? டோ சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரொம்பக் கஷ்டம் என்று ஆரம்பித்து, இருப்பதிலேயே சின்ன எண்ணாக ஒன்று சொன்னார். தலைவர் புன்னகையோடு அதன் பின்னால் ஒரு சைபர் போட்டு எழுதச் சொன்னார். என் பக்கம் திரும்பி, இந்த மாதிரிப் புதுமை இனி மாதம் ஒன்று அனுப்புங்கள் என்றார். காருக்குப் போகும்போது நாலு கட்டி வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் கிணற்றடியில் டோ சான் துணி அலசிக்கொண்டிருந்தார். லுங்கியில் எண்ணெய்க் கறை. ஒரே தேய்ப்பில் மாயமாகப் போனது. கையிலிருந்த கட்டி இளம்பச்சை. இதுவரை நான் பார்த்ததே இல்லை. அது என்ன டோ சான் என்றேன். அவர் அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“இது கரண்ட் போன நேரத்துல செஞ்சது, மணி. திட்டத்துல வராது.”

மேலிடத்துக்குத் தெரியாமல் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிற அறிவுக்குத்தான் எங்கள் ஊரில் அறிவுப் பொருளாதாரம் என்று பேர் போலிருக்கிறது என்று, குழம்பிக் குழம்பி, ஒருவழியாக நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.